தூண்டில் முள் குத்தினால் இழுக்காதீர்கள்

வாசகர் கேள்விகளுக்குப் பதில் தருபவர்: விபத்துப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒரு தாதி. இப்போதும் வெள்ளவத்தைக் கடற்கரையில் தூண்டில் போடுபவர்.

அக்கா, கல்கிசையில் மீன் பிடிக்கும்போது பத்து வயது மகனின் பெருவிரலில் முள் ஏறிவிட்டது. நான் இழுத்துப் பார்த்தேன், வரவில்லை, பிள்ளை கத்தினான். பக்கத்தில் நின்ற ஒருவர், முன்னுக்குத் தள்ளி மறுபக்கத்தால் எடுத்து நுனியை வெட்டச் சொன்னார். எது சரி? (ஒரு தகப்பன், தெஹிவளை)

இரண்டும் வேண்டாம், தம்பி. முள்ளின் நுனிக்குப் பக்கத்தில் பின்னோக்கி நிற்கும் சிறு எதிர்முள் இருக்கிறதே, எல்லாத் தொல்லையும் அதனால்தான். வந்த வழியே இழுத்தால் அது தசையைக் கிழித்துக்கொண்டு வரும். முன்னுக்குத் தள்ளி எடுக்கும் முறை வைத்தியசாலையில் உண்டுதான். ஆனால் விறைப்பு ஊசி போட்டு, எந்த இடத்தில் நரம்பும் தசைநாரும் ஓடுகின்றன என்று தெரிந்த டொக்டர் செய்ய வேண்டியது அது. மணலில் நின்றுகொண்டு ஒரு பிள்ளையின் பெருவிரலில் செய்யும் வேலை அல்ல. பிள்ளைகளுக்கு முள் ஏறினால் என் பதில் ஒன்றுதான்: தங்கூசியை (தூண்டில் நைலோன் நூலை) வெட்டிவிடுங்கள், முள் அசையாதபடி மெதுவாகத் துணி சுற்றுங்கள், வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள்.

வளர்ந்தவருக்கு, ஒற்றை முள், கையின் சதைப்பிடிப்பான இடத்தில் ஆழமில்லாமல் குத்தியிருந்தால், கடற்கரையிலேயே எடுக்க ஒரு வழி உண்டு. முதலில் தங்கூசியை வெட்டி, முள்ளில் ஈயமோ மீனோ தொங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கையை ஏதாவது உறுதியான இடத்தில் வையுங்கள், மீன் பெட்டியின் மூடி போதும். பலமான நூல் ஒன்றை இரண்டாக மடித்து, முள்ளின் வளைவில் கொழுவி, இரண்டு நுனிகளையும் உதவி செய்பவர் தன் கையில் சுற்றிக்கொள்ள வேண்டும். மற்றக் கை விரலால் முள்ளின் காது (தங்கூசி கட்டும் துளை) இருக்கும் பக்கத்தைத் தோலை நோக்கிக் கீழே அமர்த்த வேண்டும். இந்த அமர்த்தல்தான் முக்கியம், அதில்தான் எதிர்முள் தசையை விட்டு விலகும். அமர்த்திய விரலை எடுக்காமல், நூலைத் தோலோடு ஒட்டிய திசையில், முள்ளின் காதுக்கு எதிர்ப் பக்கமாக, ஒரே தரத்தில் வெடுக்கென்று இழுக்க வேண்டும். தயங்கித் தயங்கி இழுத்தால் கிழியும். முள் பறந்து வரும், ஆகையால் அந்தத் திசையில் ஒருவரும் நிற்கக் கூடாது. இழுப்பவர் கண்ணாடி போட்டிருப்பது நல்லது. ஒரு தரம் முயன்று வராவிட்டால் அத்தோடு நிறுத்திவிட்டு வைத்தியசாலைக்குப் போய்விடுங்கள்.

காது மடல், உதடு, மூட்டு, கழுத்து, கண்ணுக்கு அண்மையில் என்றால் இந்த முறை கூடவே கூடாது. முள் எடுத்த பிறகு சுத்தமான தண்ணீரும் சவர்க்காரமும் போட்டு நன்றாகக் கழுவுங்கள். இப்படிப்பட்ட அழுக்குக் காயத்துக்கு, கடைசியாக ஏற்பு (டெட்டனஸ்) ஊசி போட்டு ஐந்து வருடம் கடந்திருந்தால் திரும்பப் போட வேண்டும். எப்போது போட்டது என்று நினைவில்லாவிட்டாலும் போய்க் கேளுங்கள்.

இதற்கெல்லாம் முந்திய வேலை ஒன்று இருக்கிறது. கடலுக்குப் போகும் முன் வீட்டிலேயே குறட்டால் எதிர்முள்ளை நசுக்கித் தட்டையாக்கிவிடுங்கள். ஒரு பருத்தித் துணியில் குத்தி இழுத்துப் பாருங்கள். நூலில் சிக்காமல் வந்தால் சரி, சிக்கினால் இன்னும் ஒருதரம் நசுக்குங்கள். மீன் தப்பிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். தங்கூசியைத் தளரவிடாமல் சுற்றினால் பெரும்பாலும் தப்பாது. பாரையைக்கூட நான் அப்படித்தான் பிடிக்கிறேன். உங்கள் மகனின் தூண்டிலை இனி இப்படிச் செய்யாமல் அவன் கையில் கொடுக்காதீர்கள், இது என் வேண்டுகோள்.

வெள்ளவத்தைப் பாறைகளில் நின்று மூன்று முள் வைத்த செயற்கை இரை போடுகிறேன். சீலாவைக் கழற்றும்போது மற்ற முள் கையில் ஏறுமோ என்று பயம். (கல்லூரி மாணவன், வெள்ளவத்தை)

பயப்பட வேண்டிய விஷயம்தான். மீன் துள்ளும்போது உங்கள் கையும் அதே இரையில் மாட்டிக்கொண்டால், ஒவ்வொரு துள்ளலிலும் முள் ஆழமாகும். ஆகவே இரையை வெறுங்கையால் தொடவே வேண்டாம். நனைத்த தடித்த துணியால் மீனைக் கண்ணுக்குப் பின்னால் அமர்த்திப் பிடித்து, நீண்ட மூக்குக் குறட்டால் முள்ளின் தண்டைப் பிடித்துத் திருப்புங்கள். சீலாவின் பல் கத்தி மாதிரி, வாய்க்குள் விரலை விடக் கூடாது. தொண்டைக்குள் போன முள்ளை நோண்ட வேண்டாம், தங்கூசியை வாயருகே வெட்டிவிடுங்கள்.

மாட்டிவிட்டால் முதலில் மீனை இரையிலிருந்து பிரியுங்கள். பிறகு குத்தாத முள்களை வெட்டுங்கள், அல்லது பிளாஸ்டரால் சுற்றுங்கள். வெட்டும்போது துணியால் மூடிக்கொள்ளுங்கள், துண்டு கண்ணில் தெறிக்கும்.

கண்ணிலோ இமையிலோ ஏறினால் ஒன்றும் செய்யாதீர்கள், கழுவவும் வேண்டாம். தேநீர் குடிக்கும் கடதாசிக் கோப்பை ஒன்றைக் கவிழ்த்து, முள்ளில் படாமல் கண்ணின் மேல் வைத்து, சுற்றிப் பிளாஸ்டர் ஒட்டுங்கள். சாப்பிடவோ குடிக்கவோ கொடுக்காமல், கொழும்பிலேயே இருக்கும் தேசிய கண் வைத்தியசாலைக்குப் போங்கள். வாகனம் இல்லையென்றால் 1990-க்கு எடுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

கெளிறு குத்தினால் சுண்ணாம்பு தடவலாமா? (குடும்பத் தலைவி, மட்டக்குளி)

வேண்டாம். சுண்ணாம்பு தோலைப் புண்ணாக்கும், விஷத்தை ஒன்றும் செய்யாது. கெளிறின் முதுகில் ஒன்றும் பக்கத்துக்கு ஒன்றுமாக மூன்று முள் உண்டு, ஓரம் அரம் போல இருக்கும், விஷமும் உண்டு. விஷத்தைச் சூடு கெடுக்கும். கையை, தாங்கக்கூடிய சூட்டில், ஏறக்குறைய 45 பாகை செல்சியஸ் தண்ணீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வைத்திருங்கள். சூட்டைக் காயம்படாத கையால் பாருங்கள், வலியில் துடிக்கும் கைக்குச் சூடு சரியாகத் தெரியாது, வெந்துவிடும். நான் கடற்கரைக்குப் போகும்போது ஒரு பிளாஸ்க் சுடுதண்ணீர் கொண்டுபோவது இதற்காகத்தான். நாங்கள் தேநீர் குடிக்கவும் உதவும்.

முள் உடைந்து உள்ளே நின்றால் டொக்டரிடம் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். திருக்கைக்கும் இதே வைத்தியம். அலையில் இறங்கி நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்துத் தேய்த்து நடந்தால், கிடக்கும் திருக்கை விலகிப் போய்விடும். ஆனால் திருக்கை முள் நெஞ்சிலோ வயிற்றிலோ நின்றால் பிடுங்கவே வேண்டாம்.

எனக்குச் சீனி வருத்தம். கடற்கரையில் சின்னக் கீறல் பட்டால் யோசிக்க வேண்டுமா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், பம்பலப்பிட்டி)

கட்டாயம் யோசிக்க வேண்டும், ஐயா. சூடான கடல்நீரில் வாழும் சில கிருமிகள் சீனி வருத்தமும் ஈரல் நோயும் உள்ளவர்களை வேகமாகப் பாதிக்கும். கீறலைச் சுற்றிச் சிவப்பு பரவினால், வீங்கினால், கொப்புளம் போட்டால், காய்ச்சல் வந்தால் நாளை பார்ப்போம் என்று இருக்காதீர்கள், அன்றே போங்கள், கடல்நீர் பட்டது என்றும் சொல்லுங்கள். சப்பாத்து இல்லாமல் பாறையில் இறங்க வேண்டாம். காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் வெட்டுப்பட்டதே தெரியாமல் போகலாம்.

பாறையில் சிக்கிய தூண்டிலை எப்படி இழுப்பது? (இளைஞர், கொள்ளுப்பிட்டி)

தங்கூசியைக் கையில் சுற்றி இழுக்காதீர்கள், விரலை வெட்டும். ஒரு தடியில் சில சுற்றுச் சுற்றி, கடலுக்கு முதுகைக் காட்டி நடந்து இழுங்கள். அறுந்தால் ஈயம் உங்களை நோக்கித்தான் பாய்ந்து வரும். எறியும்போது அறுந்தால் அது கடற்கரையில் நிற்பவர்களை நோக்கிப் போகும். அதனால் நுனியில் ஒரு தடித்த தங்கூசி கட்டுங்கள், ஈயம் ஒரு அவுன்சுக்குப் பத்து இறாத்தல் பலம் என்று கணக்கு. நான்கு அவுன்ஸ் ஈயம் என்றால் நாற்பது இறாத்தல். எறியும் முன் பின்னால் திரும்பிப் பாருங்கள், ஞாயிறு மாலையில் பிள்ளைகள் ஓடித் திரிவார்கள். ஒக்டோபர், நவம்பர், ஏப்ரல் பின்னேரங்களில் இடி கேட்டால் கார்பன் தடியைக் கீழே வைத்துவிட்டுக் கட்டடம் ஒன்றுக்குள் போய்விடுங்கள், மீன் கடித்துக்கொண்டிருந்தாலும்.