காலக்டோஸ் ஊற்றியும் ஈஸ்ட் ஏன் அசையவில்லை?

கேள்வி: ஈஸ்டில் சேர்த்த மரபணுவை கேல்1 புரொமோட்டரின் (மரபணுவை இயக்கும் டிஎன்ஏ சுவிட்ச்) கீழ் வைத்திருக்கிறோம். காலக்டோஸ் கொடுத்தும் புரதம் வரவில்லை. குளுக்கோஸ் அல்லாத கார்பன் மூலங்களில் வளர்க்கும்போது வெளிப்பாட்டைக் கட்டுப்படுத்துவது எப்படி?

காலக்டோஸ் சேர்த்தபோது மீடியாவில் (செல்களை வளர்க்கும் கரைசலில்) குளுக்கோஸ் மீதம் இருந்ததா என்று முதலில் பாருங்கள். பாளையங்கோட்டையில் முதுகலை படித்தபோது எனக்கு மூன்று வாரம் இதில்தான் போனது. புதிய குளுக்கோஸ் மீடியாவில் நான்கு மணி நேரம் வளர்த்துவிட்டு, அதிலேயே காலக்டோஸை ஊற்றினேன். செல்கள் செழிப்பாக வளர்ந்தன. புரதங்களைப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் எங்கள் புரதத்தின் பட்டையை மட்டும் காணவில்லை. மரபணுவைச் சுமந்து செல்லும் வட்ட டிஎன்ஏவான பிளாஸ்மிட் தவறு என்று நினைத்து இரண்டு முறை புதிதாகச் செய்தேன்.

கேல்1-க்கு இரண்டு பூட்டுகள். கேல்4 என்ற புரதம்தான் மரபணுவை இயக்கும். அதை கேல்80 பிடித்து வைத்திருக்கும். காலக்டோஸ் வந்தால் கேல்3 அந்தப் பிடியை விடுவிக்கும். இது ஒரு பூட்டு. குளுக்கோஸ் இருக்கும்வரை மிக்1 என்ற அடக்கும் புரதம் உட்கருவுக்குள் புகுந்து கேல்1-ஐயும், கேல்4-இன் மரபணுவையும் சேர்த்தே அடக்கிவிடும். இது இரண்டாவது. நான் முதல் பூட்டுக்கு மட்டும் சாவி கொடுத்திருந்தேன்.

எங்கள் ஊர் திசையன்விளை பக்கம், தாத்தா பனையேறி. கலயத்தில் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் பதநீர், தடவாவிட்டால் கள். பதநீரின் இனிப்பு பெரும்பாலும் சுக்ரோஸ். ஈஸ்ட் இன்வர்டேஸ் என்ற நொதியை வெளியே விட்டு அதை உடைத்த பிறகுதான் சாப்பிடும். அந்த நொதியின் மரபணுவும் குளுக்கோஸ் நிறைய இருந்தால் அடங்கியே கிடக்கும் என்று படித்தபோதுதான் என் தவறு புரிந்தது. எளிதான சர்க்கரை தீரும்வரை மற்றக் கதவுகளை ஈஸ்ட் திறக்காது.

உங்களுக்கு உதவப்போவதும் அதே இன்வர்டேஸ்தான். 2 சதவீத ராஃபினோஸ் என்ற சர்க்கரையில் வளர்த்தால், அது ராஃபினோஸை மெல்ல உடைத்து ஃபிரக்டோஸைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தரும். ராஃபினோஸ் கேல்1-ஐ அடக்கவும் அடக்காது, தூண்டவும் தூண்டாது. பிறகு 2 சதவீத காலக்டோஸ் சேர்த்தால் சில நிமிடங்களிலேயே மரபணுவின் ஆர்என்ஏ நகல் எழும். குளுக்கோஸிலிருந்து நேராக மாற்றினால், செல்களைக் கழுவியிருந்தாலும் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். காலக்டோஸ் பாட்டிலிலேயே சிறிது குளுக்கோஸ் கலந்திருப்பதும் உண்டு. தூய்மை எவ்வளவு என்று பார்த்து வாங்குங்கள்.

பெரிய அளவில் செய்ய காலக்டோஸ் கட்டுப்படியாகாது. அப்போது கேல்80 மரபணுவை நீக்கிவிடுவார்கள். முதல் பூட்டே போய்விடுவதால், குளுக்கோஸ் குறைந்ததும் மரபணு தானே இயங்கும். மலேரியா மருந்துக்கான ஆர்ட்டெமிசினிக் அமிலத்தை லிட்டருக்கு 25 கிராம் எடுத்ததாக 2013-இல் வெளியான ஆய்வின் ஈஸ்டும் இந்த வழியில் வந்ததுதான். எனக்கு மிகவும் பிடித்த வழி இது; வளர்ச்சியும் உற்பத்தியும் தாமாகவே பிரிந்து நிற்கின்றன.

பிக்கியா என்ற வேறு வகை ஈஸ்ட் என்றால் கிளிசராலில் வளர்த்து மெத்தனாலில் தூண்டுவார்கள். மெத்தனாலில் இயங்கும் அதன் ஆக்ஸ்1 புரொமோட்டர் மிக வலிமையானது. ஆனால் மெத்தனால் தீப்பிடிக்கும், ஆக்சிஜனும் நிறைய வேண்டும். சைலோஸ் என்ற மரச் சர்க்கரையில் வளர்ப்பதானால் கேல்1-ஐ விட்டுவிட்டு, சர்க்கரை மாறினாலும் பெரிதாக ஏறி இறங்காத டெஃப்1 புரொமோட்டரை எடுங்கள்.

சிறுநீரில் சர்க்கரை பார்க்கும் பட்டை மருந்துக்கடையில் கிடைக்கும். அடுத்த முறை காலக்டோஸ் சேர்ப்பதற்கு முன் மீடியாவில் ஒன்றை நனைத்துப் பாருங்கள். நிறம் மாறினால் அன்று தூண்ட வேண்டாம்.