இரவுப் பணி, பகல் தூக்கம், ஏறும் சர்க்கரை

கேள்வி: வயது 46. துறைமுகத்தை அடுத்த சரக்குக் கிடங்கில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வேலை. முடிந்ததும் டீ குடித்து, காசிமேட்டில் மீன் வாங்கிக்கொண்டு தண்டையார்பேட்டை திரும்பி, வீட்டு வேலைகளை முடித்து 11 மணிக்குப் படுக்கிறேன். 2 மணிக்கு மேல் தூக்கம் வருவதில்லை. அண்மையில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறியிருக்கின்றன. தூக்கம்தான் காரணமா?

பதில்: தூக்கம் மட்டுமே காரணம் என்று சொல்ல இயலாது, ஆனால் அதற்குப் பங்கு உண்டு. உறங்கும்போது ரத்த அழுத்தம் இயல்பாக 10 முதல் 20 சதவீதம் வரை தாழ வேண்டும், அந்த ஓய்வு உங்கள் இதயத்துக்கு மூன்று மணி நேரமே கிடைக்கிறது. தூக்கம் குறையும்போது இன்சுலினுக்கு உடல் இணங்குவதும் குறைந்து, சர்க்கரை ஏறுகிறது. பெரியவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 7 மணி நேரம் தேவை.

நீங்கள் படுக்கும் நேரமே முதல் சிக்கல். காலை வெயில் கண்ணில் பட்டதும் மூளையிலுள்ள உடல் கடிகாரம் பகல் பிறந்ததாகக் கணக்கிட்டு, உடல் வெப்பத்தையும் விழிப்பையும் உயர்த்தத் தொடங்குவதால், 11 மணிக்குப் படுப்பவர் ஏறும் அலைக்கு எதிராக நீந்துகிறார். ஆகவே திரும்பும்போது கறுப்புக் கண்ணாடி அணிந்து, மீன் வாங்கும் பொறுப்பை வீட்டில் வேறொருவரிடம் விட்டு, 7.30 மணிக்கே படுத்துவிடுங்கள். கண் செருகினால் எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே வண்டி ஓட்டாமல், 20 நிமிடம் கண்ணயர்ந்த பின் புறப்படுங்கள்.

டீயில் விழிப்பூட்டும் பொருளான காஃபீனில் பாதி உடலை விட்டு நீங்கவே ஏறத்தாழ ஐந்து மணி நேரமாகும் என்பதால், கடைசி டீ இரவு 2 மணியோடு நிற்கட்டும். காலை டீயை விடுவதுதான் கடினம் என்பதை அறிவேன்.

அறையை அடர்நிறத் திரையால் இருட்டாக்குங்கள். நம் கடலோரப் புழுக்கத்தில் ஈரத்துணி தொங்கவிடுவது பயன்படாது. காற்றின் ஈரம் கூடி, வியர்வை உலராமல் போகும். வெதுவெதுப்பான நீரில் குளித்துவிட்டு, மின்விசிறிக் காற்று நேரே படும்படி படுப்பதே மேல். மொட்டைமாடிக்குக் கீழ்த்தளம் என்றால் பிற்பகலில் தளம் சூடேறிவிடும். முன்னதாகப் படுக்க அதுவும் ஒரு காரணம்.

தூக்க மாத்திரையைக் கடையில் நீங்களாக வாங்க வேண்டாம். நீங்கள் உரத்துக் குறட்டை விடுவதாகவோ, மூச்சு சில நொடி நின்று திணறலுடன் மீள்வதாகவோ வீட்டார் சொன்னால், அது தூக்கத்தில் மூச்சுத்தடையாக இருக்கலாம்; ரத்த அழுத்தத்தை உயர்த்தக்கூடியது அது. குறட்டையைக் கைபேசியில் பதிவு செய்யச் சொல்லி, அதையும் பரிசோதனைச் சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு, ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவு மருத்துவரைப் பாருங்கள்.