2013-இல் நின்றுபோன சோபா தவணை: இப்போது 200 ராண்ட் கட்டலாமா?

கேள்வி: நான் டர்பன் நகரின் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறேன். வயது 64, அரசு முதியோர் உதவித்தொகையில்தான் குடும்பம் நடக்கிறது. 2011-இல் ஒரு கடையில் தவணைக்கு சோபா செட் வாங்கினேன். தையல் தொழிற்சாலையில் வேலை போனதும் 2013-க்குப் பிறகு கட்ட முடியவில்லை. அப்போது பாக்கி 3,200 ராண்ட். அந்தக் கடையையே மூடிவிட்டார்கள். புரட்டாசி தொடங்கியதிலிருந்து யாரோ தொலைபேசியில் 14,600 ராண்ட் கேட்கிறார்கள். "ஆன்ட்டி, நல்லெண்ணத்துக்கு இன்று 200 ராண்ட் மட்டும் போடுங்கள், கேஸை நிறுத்திவைக்கிறோம். இல்லாவிட்டால் ஷெரிஃப் வருவார், ஜெயிலுக்கும் போக நேரும்" என்கிறார்கள். என் மகன் சம்பளத்தில் பிடிப்பார்களோ என்றும் பயமாக இருக்கிறது. 200 ராண்டைக் கட்டிவிடலாமா?

பதில்: கட்டாதீர்கள், அம்மா. இருநூறும் வேண்டாம், இருபதும் வேண்டாம். "கொஞ்சம் பொறுங்கள், மாதக் கடைசியில் பார்க்கிறேன்" என்று வாயால்கூடச் சொல்லாதீர்கள். அந்த அழைப்புகளைப் பதிவு செய்கிறார்கள்.

முதலில் ஜெயில் பயத்தை விடுங்கள். தென்னாப்பிரிக்காவில் கடன் கட்டாததற்காக யாரையும் சிறையில் போட முடியாது. 1977-லேயே கடனுக்கான சிறையை ஒழிக்கச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் மாஜிஸ்திரேட் கோர்ட்டுகளில் ஒட்டிக்கொண்டிருந்த மிச்சத்தை 1995-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் தூக்கியெறிந்தது. தொலைபேசியில் ஜெயில் என்று சொல்பவருக்கு இது தெரியாமல் இருக்காது. உங்களுக்குத் தெரியாது என்று நம்பித்தான் சொல்கிறார்.

இனி கடனைப் பார்ப்போம். 1969-ஆம் ஆண்டின் காலாவதிச் சட்டப்படி, கடைக் கணக்கு, கிரெடிட் கார்டு, கைமாற்று போன்ற சாதாரணக் கடன்களின் ஆயுள் மூன்று ஆண்டு. பணம் கட்ட வேண்டிய நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் அவர்கள் கோர்ட் சம்மனை உங்களிடம் சேர்த்திருக்க வேண்டும், அல்லது நீங்கள் கடனை ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை என்றால் கடன் அணைந்துவிடும். உங்கள் கடைசித் தவணையின் தேதி 2014 என்றே வைத்துக்கொண்டாலும் 2017-இல் கணக்கு முடிந்துவிட்டது. வீட்டுக் கடன், முனிசிபாலிட்டி வீட்டு வரி போன்றவற்றுக்குக் கணக்கு வேறு. சோபாவுக்கு அவை பொருந்தாது.

அப்படியானால் 200 ராண்டுக்கு ஏன் இத்தனை கெஞ்சல்? மூன்று ஆண்டு முடியாத கடனாக இருந்தால், நீங்கள் போடும் சிறு தொகையே கடனை ஒப்புக்கொண்டதாகும். கடிகாரம் மறுபடி முதலிலிருந்து ஓடும். மூன்று ஆண்டு கடந்த கடனாக இருந்தாலும், கட்டிய காசைத் திருப்பிக் கேட்க முடியாது. காலாவதியான பிறகு செலுத்தினாலும் அது கடனைச் செலுத்தியதாகவே கருதப்படும் என்று அதே சட்டம் சொல்கிறது. அடுத்த மாதம் தபாலிலோ வாட்ஸப்பிலோ ஒரு தாள் வரும்: "நான் இன்ன தொகை தர வேண்டியிருக்கிறது, மாதம் இவ்வளவு கட்டச் சம்மதிக்கிறேன்." அதில் கையெழுத்துப் போட்டால் அது புதிய வாக்குறுதி என்று வாதாடுவார்கள். செத்த கடனுக்குப் புது உடல் கொடுக்கும் வேலை இது. பழைய கடன் புத்தகங்களை ராண்டுக்குச் சில சென்ட் கொடுத்து மொத்தமாக வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஆயிரம் பேரில் ஐம்பது பேர் பயந்து பணம் கட்டினாலே லாபம்.

தேசியக் கடன் சட்டத்தில் 2015 மார்ச்சிலிருந்து 126பி என்ற பிரிவு இருக்கிறது. காலாவதியான கடனை யாரும் விற்கக்கூடாது. நீங்கள் காலாவதி என்று சொன்ன பிறகு அதை வசூலிக்க முயலக்கூடாது. இப்படிச் சொல்லலாம் என்பது உங்களுக்குத் தெரியாமல் இருந்து, தெரிந்திருந்தால் சொல்லியிருப்பீர்கள் என்ற நிலையிலும் வசூலிக்கக்கூடாது. எழுத்தில் பார்க்க அருமையான பிரிவு. ஆனால் காலாவதிச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, கோர்ட் தானாகக் காலாவதியைக் கவனிக்கக்கூடாது என்கிறது. கட்சிக்காரர் எழுந்து சொன்னால்தான் உண்டு. வக்கீல் வைக்க வசதியில்லாதவர், சம்மன் தாளைப் படிக்க முடியாதவர், எங்கே போய் எப்படிச் சொல்வார்? இத்தனை ஆண்டுகளில் இதைத் திருத்த யாருக்கும் மனம் வரவில்லை. அதனால்தான் 2013 கடனுக்கு இன்றும் உங்கள் தொலைபேசி அடிக்கிறது.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் என் பேச்சை நம்பி நிம்மதியாகத் தூங்கிவிடாதீர்கள். அது தீர்ப்பு. அந்தக் கடைக்காரர் மூன்று ஆண்டுக்குள் கோர்ட்டுக்குப் போய் உங்கள் மேல் தீர்ப்பு வாங்கியிருந்தால், அந்தத் தீர்ப்புக் கடனின் ஆயுள் 30 ஆண்டு. "எனக்குச் சம்மனே வரவில்லையே" என்பீர்கள். வராமலும் தீர்ப்பு ஆகியிருக்கலாம். 2011-இல் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் ஒரு விலாசம் எழுதியிருப்பீர்கள். சட்டத் தாள்களை இங்கே கொண்டுவந்து கொடுத்தால் போதும் என்று ஏற்றுக்கொண்ட விலாசம் அது. நீங்கள் வீடு மாறியிருந்தாலும் கோர்ட் தாள்களைக் கொண்டுசேர்க்கும் அதிகாரியான ஷெரிஃப் அந்தக் கதவில் தாளை வைத்துவிட்டுப் போயிருப்பார். அந்த வீட்டில் இப்போது இருப்பவர் எடுத்துக் குப்பையில் போட்டிருப்பார். நீங்கள் ஆஜராகவில்லை என்று சொல்லிக் கோர்ட்டில் தீர்ப்பும் ஆகியிருக்கும். இது அபூர்வமல்ல.

ஆகவே அடுத்த முறை தொலைபேசி வந்தால் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "தீர்ப்பு இருக்கிறதா? எந்தக் கோர்ட், கேஸ் எண் என்ன, என்ன தேதி?" இருந்தால் சொல்வார்கள். மழுப்பினால் பெரும்பாலும் இல்லை என்றுதான் அர்த்தம், ஆனாலும் அவர் மழுப்பலை நம்பி விட்டுவிடாதீர்கள். எண் கொடுத்தால் அந்த மாஜிஸ்திரேட் கோர்ட்டின் சிவில் பிரிவு எழுத்தரிடம் நேரில் போய்க் கோப்பைக் காட்டச் சொல்லுங்கள். எண் கொடுக்காவிட்டாலும் 2013-இல் நீங்கள் எந்த விலாசத்தில் இருந்தீர்களோ அந்தப் பகுதிக் கோர்ட்டில் உங்கள் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் கொடுத்துக் கேட்கலாம். "கிரெடிட் பீரோ அறிக்கையில் தீர்ப்பு எதுவும் இல்லையே" என்று பலர் நிம்மதியடைகிறார்கள். அது ஆதாரமாகாது. நம் கடன் வரலாற்றைப் பதிவு செய்து வைக்கும் இந்த பீரோக்கள் தீர்ப்பை ஐந்து ஆண்டுதான் வைத்திருக்கும். 2014 தீர்ப்பு 2019-லேயே அறிக்கையிலிருந்து மறைந்திருக்கும். கோர்ட் கோப்பில் அது உயிரோடுதான் இருக்கும்.

தீர்ப்பு இருந்தால்கூட உடனே மேசை நாற்காலியை ஏலம் போட முடியாது. மாஜிஸ்திரேட் கோர்ட் தீர்ப்பை மூன்று ஆண்டு செயல்படுத்தாமல் விட்டால், சொத்தைப் பறிமுதல் செய்யக் கோர்ட்டிடம் மீண்டும் உத்தரவு வாங்க வேண்டும். அதற்கு முன் உங்களுக்கு அறிவிப்பு வர வேண்டும். தெரியாமலே தீர்ப்பானதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து 20 கோர்ட் நாட்களுக்குள் அதை ரத்துச் செய்ய மனுப் போடலாம். அந்த 20 நாளை மட்டும் விட்டுவிடாதீர்கள். லீகல் எய்டு சவுத் ஆப்பிரிக்கா அலுவலகமோ, குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகச் சட்ட உதவி மையமோ இதற்குத்தான் இருக்கின்றன. வரிசை நீளம், காலையிலேயே போங்கள்.

ஷெரிஃப் என்ற பெயரைச் சொல்லி மிரட்டும் வசூல்காரருக்கு அவரை அழைத்துவரும் அதிகாரம் கிடையாது. ஷெரிஃப் வருவதென்றால் கோர்ட் வாரண்டோடுதான் வருவார், அதில் கேஸ் எண் இருக்கும். மாறாக, உண்மையான சம்மனே வந்தால் அதை மேசையில் போட்டு வைக்காதீர்கள். எதிர்வாதம் செய்யப் போகிறேன் என்று பத்துக் கோர்ட் நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். அப்போதும் காலாவதி என்ற வார்த்தையை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

14,600 எங்கிருந்து வந்தது என்று கேட்கிறீர்களா? எனக்கும் வேடிக்கைதான். கட்ட முடியாமல் நின்ற நாளில் பாக்கி 3,200. கடன் உயிரோடு இருந்தாலும், அதற்குப் பிறகு ஏறும் வட்டி, கட்டணம், வசூல் செலவு எல்லாம் சேர்ந்து இன்னொரு 3,200-ஐத் தாண்டக்கூடாது என்பது அதே கடன் சட்டம். ஆக உச்சமே 6,400. மீதி அவர்களின் கற்பனை.

பணம் கட்டாமல் என்ன செய்வது? ஒரு கடிதம். ஆங்கிலத்தில் இருக்கட்டும், அவர்கள் அலுவலகத்தில் அதுதான் படிப்பார்கள். பேரப்பிள்ளைகளில் யாராவது எழுதிக் கொடுப்பார்கள். பொருள் இவ்வளவுதான்: "நீங்கள் சொல்லும் கடன் இருப்பதாக நான் ஒப்புக்கொள்ளவில்லை. அப்படி ஒன்று இருந்தாலும் அது 1969 காலாவதிச் சட்டப்படி அணைந்துவிட்டது. அந்த எதிர்வாதத்தை இத்தால் எழுப்புகிறேன். 126பி பிரிவின்படி வசூல் முயற்சியை நிறுத்துங்கள். மறுக்கிறீர்கள் என்றால் ஒப்பந்த நகல், கடைசியாகப் பணம் கட்டிய தேதியைக் காட்டும் கணக்கு, கடன் உங்களுக்கு மாற்றப்பட்டதற்கான ஆதாரம், கடன் வசூலிப்போர் கவுன்சிலில் உங்கள் பதிவு எண் ஆகியவற்றை அனுப்புங்கள்." "கடன் இருந்தது, ஆனால் நாளாகிவிட்டது" என்ற தொனி எந்த வரியிலும் வரவேண்டாம். மின்னஞ்சலில் அனுப்பினால் பிரதி வைத்துக்கொள்ளுங்கள், பதிவுத் தபாலென்றால் ரசீதைத் தொலைக்காதீர்கள்.

மீண்டும் அழைத்தால் கவுன்சிலுக்கு எழுதுங்கள். வசூல்காரர்கள் 1998 சட்டப்படி அங்கே பதிவு செய்திருக்க வேண்டும். அழைத்தவர் வக்கீல் அலுவலகம் என்றால் புகார் லீகல் பிராக்டிஸ் கவுன்சிலுக்கு. தேசியக் கடன் ஒழுங்குமுறை ஆணையமும் உண்டு, 2024 மார்ச்சிலிருந்து ஒரே குடையின் கீழ் வந்த, நிதிப் புகார்களை விசாரிக்கும் நிதி ஓம்புட்ஸ் அமைப்பும் உண்டு. ஒருவரைக் கேட்டால் இன்னொருவரைக் காட்டுவார். பொதுமக்கள் படும் அலைச்சல்தான் இந்த நாட்டின் நிர்வாகத் திறமைக்கு அளவுகோலோ என்று தோன்றும். எரிச்சலாக இருக்கும், விடாதீர்கள்.

இங்கே நான் மிகவும் கோபப்படும் ஆட்கள் வேறு வகை. பஸ் நிலையக் கம்பங்களில் நோட்டீஸ் ஒட்டுகிறார்கள்: "கறுப்புப் பட்டியலிலிருந்து பெயர் நீக்கித் தரப்படும்." முன்பணமாக ஆயிரம், இரண்டாயிரம் கேட்பார்கள். அவர்கள் செய்வது மேலே சொன்ன அதே கடிதத்தை எழுதுவது, அல்லது ஒன்றும் செய்யாமல் தொலைபேசியை மாற்றுவது. கிரெடிட் பீரோவில் உங்கள் அறிக்கையை ஆண்டுக்கு ஒரு முறை இலவசமாக வாங்கலாம். தவறான பதிவுக்கு எதிராக இலவசமாகவே முறையிடலாம், 20 வேலை நாட்களுக்குள் பீரோ விசாரித்துப் பதில் சொல்ல வேண்டும். பணம் கட்டவில்லை என்ற பதிவு ஓராண்டில் தானாகவே விலகும் என்பதால், 2013 பதிவை நீக்கித் தருவதாகச் சொல்பவர் இல்லாத ஒன்றை உங்களிடம் விற்கிறார்.

அதைவிட மோசம், வசூல்காரர் மிரட்டலுக்குப் பயந்து பக்கத்துத் தெரு மஷோனிசாவிடம் (உரிமமில்லாமல் வட்டிக்குக் கொடுப்பவரிடம்) போய்க் கடன் வாங்கி இந்தக் கடனைக் கட்டுவது. மஷோனிசா உங்கள் உதவித்தொகை அட்டையையும் ரகசிய எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்வார். அது சட்டவிரோதம் என்பது அவருக்குத் தெரியும். கேட்டால் "நம்பிக்கைக்காக" என்பார். செத்த கடனைத் தீர்க்க, உயிரோடு வட்டி தின்னும் கடனை வாங்காதீர்கள். அட்டை ஏற்கெனவே யார் கையிலாவது இருந்தால், இன்றே திரும்பக் கேளுங்கள்.

மகன் சம்பளம் பற்றி: மகன் உங்கள் ஒப்பந்தத்தில் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் ஒழிய அவர் சம்பளத்தைத் தொட முடியாது. பெற்றவளின் கடன் பிள்ளைக்கு என்பது ஊர் வழக்கம், சட்டத்தில் கிடையாது. சொந்தக் கடனென்றாலும் சம்பளத்தில் பிடிக்க நீதிபதியின் உத்தரவு வேண்டும். 2016-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அதை வலியுறுத்திவிட்டது. ஆகவே "மகன் எண்ணைக் கொடுங்கள், அவரிடம் பேசிக்கொள்கிறோம்" என்று கேட்டால் கொடுக்காதீர்கள். மகனிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: அம்மா பெயரில் எந்தத் தாள் வந்தாலும் கையெழுத்துப் போடாமல் என்னைப் போன்ற யாரிடமாவது முதலில் காட்டட்டும்.