போஜொலேயின் புளிப்பு

அன்புள்ள ஆசிரியருக்கு,

மேற்படிப்புக்காக பிரான்சின் லியோன் நகருக்கு வந்து மூன்று மாதமாகிறது. நண்பர்கள் வாங்கிவந்த, பக்கத்து போஜொலே வட்டாரத்துச் சிவப்பு ஒயினை இரவு அறையில் வெறுமனே குடித்துப் பார்த்தேன். புளிப்புதான் தெரிந்தது, கனமே இல்லை. பேர்போன போர்தோ வட்டார ஒயின்களுக்கு முன் இது மட்டம்தானா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

மட்டம் இல்லை. நீங்கள் கனம் என்று தேடியது பெரும்பாலும் துவர்ப்பு. அது திராட்சையின் தோலிலும் விதையிலும் இருந்து வருவது. போஜொலேயில் பயிராகும் கமே திராட்சையில் இயல்பாகவே துவர்ப்பு குறைவு, புளிப்பு அதிகம். செய்முறையும் அதற்கு ஏற்றதுதான். குலைகளை நசுக்காமல் முழுசாகத் தொட்டியில் போடுவார்கள். அடியில் இருப்பவை பாரத்தில் நசுங்கி நொதிக்கும்போது எழும் கரியமில வாயு தொட்டியை நிறைத்துவிடும். மேலே இருக்கும் பழங்கள் காற்றில்லாமல் தோலுக்குள்ளேயே நொதிக்கத் தொடங்கும். பழத்தின் மணம் நிறைய இறங்கும், துவர்ப்பு கொஞ்சமே இறங்கும்.

கமே மேல் இந்தக் குறை பழையது. பர்கண்டி பிரபு பிலிப் 1395-இலேயே தன் நாட்டில் அந்தக் கொடிகளைப் பிடுங்கிப்போட உத்தரவிட்டார். தெற்கே போஜொலேயின் கருங்கல் மண்ணில் அது செழித்தது.

நீங்கள் குடித்த விதத்தில்தான் எனக்கு வருத்தம். இது சாப்பாட்டு மேசைக்கான ஒயின். நீங்கள் இருக்கும் ஊரிலேயே பூஷோன் என்னும் சிறு உணவகங்களில் அடி தடித்த 46 சென்டிலிட்டர் குப்பியில் இதை ஊற்றித் தருவார்கள். அங்கே போய் ரோஸெத் என்னும் பன்றி இறைச்சித் தொத்திறைச்சியில் ஒரு துண்டு சாப்பிடுங்கள். கொழுப்பு நாக்கில் படிந்திருக்கும்போதே ஒரு மடக்கு குடியுங்கள். அறையில் உறுத்திய அதே புளிப்பு கொழுப்பை அப்படியே கழுவிக்கொண்டு போகும், பின்னாலேயே செர்ரியின் மணம் எழும். நான் முதல்முறை இதை உணர்ந்தபோது தட்டு காலியானதே தெரியவில்லை. வறுத்த கோழிக்கும் ஆட்டுப்பால் சீஸுக்கும் இதே பொருத்தம் உண்டு. மீனோடு சேராத சிவப்பு ஒயின்கள் பல. துவர்ப்பு குறைந்த இது அதற்கும் ஒத்துப்போகும்.

ஒன்றை மறக்க வேண்டாம். குடிப்பதற்கு முன் அரைமணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். 12 முதல் 14 டிகிரி போதும். சூடேறினால் ஆல்கஹால்தான் முன்னால் நிற்கும்.

முதலில் ஃப்ளூரி என்னும் போஜொலே ஊரின் ஒயினைக் கேளுங்கள். அதன் பிறகும் கனம் வேண்டுமென்று தோன்றினால் போர்தோவுக்குப் போகவேண்டாம், பக்கத்திலேயே சற்றுக் கனமான மோர்கோன் ஒயின் இருக்கிறது. அதுவும் கமேதான்.