லினக்ஸ் மின்ட்: பத்திர ஸ்கேன்களுக்கு மட்டும் தம்ப்நெயில் வரவில்லை

தம்ப்நெயில், அதாவது கோப்பின் சின்ன முன்னோட்டப் படம், காட்டுவதற்கான கோப்பு அளவு வரம்புதான் காரணமாக இருக்கும். மின்ட்டின் ஃபைல் மேனேஜரான நீமோவில் எடிட் → ப்ரிஃபரன்சஸ் → ப்ரிவியூ போய், எத்தனை எம்பிக்குக் குறைவான கோப்புகளுக்குத் தம்ப்நெயில் என்ற இடத்தில் எண்ணைக் கூட்டுங்கள். ஒரு பக்க ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ் பிடிஎஃப்களுக்கு முகப்பு தெரிகிறது, இருபது பக்கக் கிரயப் பத்திரத்துக்கு வெறும் ஐகான்தான் என்கிறீர்களே, அதுவே நல்ல தடயம். திருமங்கலத்தில் உங்கள் சென்டருக்கு வரும் பழைய பத்திரங்களைக் கலரில் ஸ்கேன் செய்தால் கோப்பு சர்வசாதாரணமாக வரம்பைத் தாண்டும்.

அப்படியும் வரவில்லையா? ஒருமுறை முயன்று தோற்ற கோப்பை, அது மாறாதவரை சிஸ்டம் மறுபடி முயலாது. ஹோம் ஃபோல்டரில் கன்ட்ரோல் + எச் அழுத்தினால் புள்ளியில் தொடங்கும் கேஷ் ஃபோல்டர் தெரியும். அதற்குள் தம்ப்நெயில்ஸ், அதற்குள் ஃபெயில். ஃபெயிலில் இருப்பதை மட்டும் அழித்துவிட்டு, லாக் அவுட் செய்து திரும்ப வாருங்கள்.

கோப்புகள் பக்கத்து கம்ப்யூட்டரின் ஷேர் ஃபோல்டரில் இருந்தால், அதே ப்ரிவியூ பக்கத்தில் 'லோக்கல் ஃபைல்ஸ் ஒன்லி' என்பதை மாற்ற வேண்டும். பாஸ்வேர்டு போட்ட இ-ஆதார் பிடிஎஃப்புக்கு என்ன செய்தாலும் வராது, அதை விட்டுவிடுங்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். வாடிக்கையாளரின் கோப்பை நீக்கிய பிறகும் அதன் சின்னப் படம் அந்தத் தம்ப்நெயில்ஸ் ஃபோல்டரில் தங்கிவிடலாம். அடுத்தவர் சொத்து ஆவணம் அது. கடை சாத்தும் முன் அந்த ஃபோல்டரையே காலி செய்துவிடுங்கள்; தேவையானவை தானாக மறுபடி உருவாகும்.