எக்ஸிகியூட்டிவ் புரொடியூசர் ஆக வேண்டுமா? விலை போடப் பழகுங்கள்

வெள்ளவத்தை வாசகர் ஒருவர் கேட்கிறார்: "விளம்பரப் படப்பிடிப்புகளில் மூன்று வருடமாக ப்ரொடக்ஷன் மனேஜராக இருக்கிறேன். எக்ஸிகியூட்டிவ் புரொடியூசராக உயர என்ன கற்க வேண்டும்? இப்போது ஒரு பாடல் வீடியோவை 500,000 ரூபாய்க்கு முடித்துத் தரும்படி கேட்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா?"

ஒப்புக்கொள்ளலாம், தொகையைப் பிரித்துப் பார்த்த பிறகு. மனேஜர் கையில் வந்த பணத்தை ஒழுங்காகச் செலவழிப்பவர். எக்ஸிகியூட்டிவ் புரொடியூசர் வேலையைப் பிடித்து, விலை சொல்லி, அந்த விலைக்குப் பொறுப்பு நிற்பவர். நட்டம் வந்தால் அவர் தலையில்தான் விடியும்.

முதலில் வற் வரி. உங்கள் நிறுவனம் வற் வரிக்குப் பதிந்திருந்து, 500,000 வரியோடு சேர்ந்த தொகை என்றால், உள்ளே அடங்கிய 18% வரியைக் கழித்துக் (500,000 ÷ 1.18) கையில் நிற்பது ஏறக்குறைய 423,700 தான். "வரி நீங்கலாக" என்ற சொல் கொட்டேஷனில் இருக்கவே வேண்டும். 500,000 முழுவதும் வரி நீங்கலாகக் கைக்கு வரும் என்று உறுதியானபின், அதில் 50,000 ஐ எதிர்பாராச் செலவுக்கும் 75,000 ஐ நிறுவனக் கட்டணத்துக்கும் எடுத்து வைத்துவிடுங்கள். மிச்சம் 375,000 தான் படத்துக்கு. இயக்குநர், ஒளிப்பதிவாளர், கமெரா வாடகை, லைட், வேன், சாப்பாடு, உடை, மேக்கப், எடிட், கலர் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். ஒரு நாள், இரண்டு இடம் என்றால் தாங்கும். மூன்றாவது இடம் வேண்டாம். கொட்டாஞ்சேனையில் இறக்கியதை ஏற்றிக்கொண்டு காலிமுகத்திடலுக்குப் போய் மறுபடி லைட் போடுவதற்குள் இரண்டு மணித்தியாலம் ஓடிவிடும். 12 மணித்தியால நாளில் அது ஆறில் ஒரு பங்கு. இதை இயக்குநரிடம் படப்பிடிப்பு அன்று சொல்லிப் பயனில்லை. டிரீட்மென்ட், அதாவது படத்தை எப்படி எடுக்கப்போகிறார் என்று இயக்குநர் எழுதித் தரும் குறிப்பு, வாசிக்கும்போதே சொல்ல வேண்டும்.

பாடல் வீடியோவில் ஆட்கள் அதிகம் தடுமாறுவது ஸ்லோ மோஷனில். செக்கனுக்கு 25 பிரேமில் (தனிப் படங்களில்) ஓடப்போகும் படத்தை 50 பிரேமில் எடுத்தால், பாடகரின் வாயசைவு பொருந்த, தளத்தில் பாட்டு இரட்டை வேகத்தில் ஒலிக்க வேண்டும். நான்கு நிமிடப் பாட்டு இரண்டு நிமிடத்தில் முடியும். அந்த இரட்டை வேகக் கோப்பை ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து முதல் நாளே வாங்குங்கள். பாடகரும் அதற்குப் பாடிப் பழகியிருக்க வேண்டும். 100 பிரேம் என்றால் வாயசைவை மறந்துவிடுங்கள்.

பிரேம் எண்ணிக்கையையும் முன்தயாரிப்புக் கூட்டத்திலேயே எழுதி உறுதிசெய்யுங்கள். நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். கமெரா 24 பிரேமில், வழக்கமான 180 பாகை ஷட்டரில் இருந்தால் ஒரு பிரேமில் வெளிச்சம் விழும் நேரம் 1/48 செக்கன் வரும். இது மின்சாரத் துடிப்போடு பொருந்தாததால், கடைகளில் எரியும் டியூப் லைட்டிலும் மலிவு எல்.ஈ.டி.யிலும் படம் துடிக்கும். 25 பிரேமும் 1/50 உம் வைத்தால் பெரும்பாலும் தப்பலாம். இது கமெராக்காரர் பாடு என்று விடாதீர்கள். பிழைத்தால் எடிட்டில் திருத்தும் காசு உங்கள் பட்ஜெட்டிலிருந்துதான் போகும்.

வானிலைக்கும் கணக்கு உண்டு. மார்ச்-ஏப்ரலிலும் ஒக்டோபர்-நவம்பரிலும் கொழும்பில் இடிமழை பெரும்பாலும் பின்னேரம்தான் வரும், ஆகவே வெளிக்காட்சிகளை மதியத்துக்குள் முடியுங்கள். சூரியன் மறைந்தபின் நீல வெளிச்சம் இருபது நிமிடம் அளவுக்குத்தான் நிற்கும். அதில் ஒரு ஷொட், மிஞ்சினால் இரண்டு. போயா தினத்தில் அரச அலுவலகங்கள் பூட்டு, அனுமதிக் கடிதம் கைக்கு வராது. தெருவுக்கு மாநகரசபையும் பொலிஸும், ரயில் நிலையத்துக்கு ரயில்வே திணைக்களம், ட்ரோனுக்கு சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபையோடு பாதுகாப்பு அமைச்சும். கோட்டைப் பக்கம் அனுமதியில்லாமல் ட்ரோன் ஏற்றவே கூடாது.

விளம்பரத்துக்கு வந்தால், நம் ஆட்கள் விட்டுக்கொடுக்கக் கூடாத ஒன்று உண்டு. சிங்களத்தில் எடுத்த படத்துக்கு மேல் தமிழ்க் குரலை ஒட்டி அனுப்பும் வழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது. உதடு ஒன்று பேச, குரல் வேறொன்று பேசும். கொட்டேஷன் போடும்போதே, முகம் தெரியப் பேசும் ஷொட்டுகளைத் தளத்திலேயே தமிழிலும் எடுக்க நேரம் ஒதுக்குங்கள். லைட் அப்படியே நிற்கும், கமெரா அப்படியே நிற்கும். ஒரு ஷொட்டுக்குக் கூடுவது பத்துப் பதினைந்து நிமிடம். பிறகு தனியாக எடுக்கப் போனால் ஒரு முழுநாள் செலவு. கிளையன்ட்டிடம் இந்தக் கணக்கைக் காட்டினால் அநேகமாகச் சம்மதிப்பார்கள்.

நல்ல படம் எடுத்தும் கம்பனி மூழ்குவது காசு வரும் திகதியால். லைட் ஆட்களுக்கும் வேன்காரருக்கும் அன்றன்றே கொடுக்க வேண்டும். ஏஜென்சியின் காசு அறுபது, தொண்ணூறு நாள் கழித்து வரும். ஆகவே கையெழுத்தோடு 50%, படப்பிடிப்பு முடிந்ததும் 25%, இறுதிக் கோப்புக்கு முன் 25% என்று எழுதிக் கேளுங்கள். முற்பணம் வராமல் கமெராவைப் புக் பண்ணாதீர்கள். எடிட்டில் இரண்டு முறை திருத்தம், மூன்றாவதுக்குத் தனிக் கட்டணம் என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

உரிமை விடயத்தில், விளம்பரத்தில் ஒரு பாட்டைப் பாவிக்க இரண்டு அனுமதி வேண்டும்: இசை, வரிகளுக்கு உரியவரிடம் ஒன்று, ஒலிப்பதிவுக்கு உரியவரிடம் இன்னொன்று. ஒன்றை வாங்கிவிட்டு மற்றதை மறப்பவர்கள் ஏராளம். நடிகர் ஒப்பந்தத்தில் எந்த நாடு, எத்தனை மாதம், தொலைக்காட்சியா இணையமா என்பதைத் தனித்தனியே குறியுங்கள்.

வெளிநாட்டு வேலைகளைப் பிடிக்க நினைத்தால், அமெரிக்க விளம்பரத் துறையின் ஏ.ஐ.சி.பி. பட்ஜெட் படிவத்தை நிரப்பப் பழகுங்கள். அதில் முன்தயாரிப்பு ஆட்கூலி ஏ, படப்பிடிப்பு ஆட்கூலி பி என்று எழுத்து வாரியாகப் பிரிவுகள் இருக்கும். தளத்தில் வேலை பெரும்பாலும் சிங்களத்தில் ஓடும், டிரீட்மென்ட் ஆங்கிலத்தில் போகும். இரண்டிலும் பேரம் பேசத் தெரிய வேண்டும்.

வேலை கேட்டுப் போகும்போது ஷோரீலோடு (செய்த வேலைகளின் தொகுப்பு வீடியோ) மூன்று செலவு அறிக்கையும் கொண்டுபோங்கள். மதிப்பிட்டது, செலவானது, வித்தியாசத்துக்குக் காரணம் என ஒவ்வொன்றிலும் மூன்று நிரல்; கிளையன்ட் பெயரை மறைத்துவிடுங்கள். இந்த 500,000 ரூபாய் வேலையின் அறிக்கை அதில் முதலாவதாக இருக்கலாம்.