புகையிலைச் சாறும் பூசணிப் பூவும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வீட்டுக்குப் பின்னால் பூசணி போட்டிருக்கிறேன். சிவப்பு வண்டுகள் இலைகளைச் சல்லடையாக்கின. ரசாயன மருந்து வேண்டாம் என்று புகையிலையை ஊறவைத்து வடிகட்டி, காலையில் கொடி முழுக்கத் தெளித்தேன். வண்டு குறைந்தது. ஆனால் அன்றே பூக்களுக்குள் ஐந்தாறு தேனீக்கள் செத்துக் கிடந்தன. அடுத்த நாட்களில் பிஞ்சுகளும் மஞ்சளாகி விழுந்தன. செடியிலிருந்து எடுத்த சாறு எப்படித் தேனீயைக் கொல்லும்? புகையிலையும் பூக்கிறதே, அதன் பூவுக்கு வரும் உயிர்கள் தேன் குடித்துவிட்டு நன்றாகத்தானே போகின்றன? இயற்கை மருந்து என்பதெல்லாம் பொய்தானா?

ம.

அன்புள்ள ம.,

செத்த தேனீக்களை எண்ணிப் பார்த்து எழுதியிருக்கிறீர்கள். அந்த வருத்தம் எனக்குப் புரிகிறது. உங்கள் இரண்டாவது கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது, அதனால் அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

புகையிலைச் செடி நிக்கோட்டின் என்ற விஷத்தை வேரில் தயாரிக்கிறது. அங்கிருந்து அது தண்டு வழியாக இலைக்கு ஏறுகிறது. புழு இலையைக் கடித்ததும் வேருக்குச் செய்தி போகிறது, உற்பத்தி கூடுகிறது. விஷம் செய்வது செடிக்குச் செலவு பிடிக்கிற வேலை. தேவைப்படும்போது, தேவைப்படும் இடத்துக்கு அனுப்புகிறது. பூந்தேனிலும் நிக்கோட்டின் உண்டு, ஆனால் இலையில் இருப்பதைவிட மிகக் குறைவாக. ஏன் அங்கேயும் வைக்க வேண்டும்? 2008-இல் காட்டுப் புகையிலையை வைத்து ஓர் ஆய்வு வெளிவந்தது. நிக்கோட்டின் சுரக்காதபடி மாற்றிய செடிகளில், வந்த உயிர்கள் ஒரே பூவில் அதிகத் தேனைக் குடித்தன. நிக்கோட்டின் இருந்தால் கொஞ்சம் குடித்துவிட்டு அடுத்த பூவுக்குப் போயின. செடிக்கு வேண்டியதும் அதுதான். மகரந்தம் பல பூக்களுக்குப் போய்ச் சேரும், தேன் செலவும் குறையும்.

காபிச் செடியும் எலுமிச்சை இனங்களும் செய்வது இன்னும் அழகு. அவற்றின் பூந்தேனில் காஃபின் மிகச் சிறிய அளவில் இருக்கிறது, தேனீக்குக் கசப்புத் தட்டாத அளவு. காஃபின் கலந்த சர்க்கரைக் கரைசலோடு ஒரு மணத்தைப் பழகிய தேனீக்களில், 24 மணி நேரம் கழித்தும் அந்த மணத்தை நினைவில் வைத்திருந்தவை, வெறும் சர்க்கரையோடு பழகியவற்றைப் போல் மூன்று மடங்கு என்று 2013-இல் கண்டார்கள். இலையில் எதிரியை விரட்டும் பொருள், பூவில் நண்பனின் நினைவைத் தீட்டுகிறது. எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு வியப்புக் குறைவதில்லை.

சரி, உங்கள் தோட்டத்தில் என்ன நடந்தது? செடி அளந்து வைத்திருந்ததை நீங்கள் ஒட்டுமொத்தமாகச் சாறாக்கி, இலை, பூ, மகரந்தம் என்று எல்லாவற்றின் மேலும் ஒரே அளவில் பூசிவிட்டீர்கள். அதுவும் காலையில். பூசணிப் பூ விடியலில் விரிந்து நண்பகலுக்குள் மூடிக்கொள்ளும். தேனீ வரும் நேரமே அதுதான். நிக்கோட்டின் பூச்சியின் நரம்புகள் ஒன்றுக்கொன்று செய்தி சொல்லும் இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். அந்த இடம் வண்டுக்கும் தேனீக்கும் ஒன்றே. பூசணியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. தேனீ வராவிட்டால் பிஞ்சு நிற்காது. நீங்கள் இழந்தது விளைச்சலையும் சேர்த்துத்தான்.

அந்தச் சாறு மனிதத் தோல் வழியாகவும் உடலுக்குள் போகும். வெறும் கையால் இனித் தொடவே தொடாதீர்கள். அமெரிக்காவின் இயற்கை வேளாண் விதிகளிலேயே புகையிலைத் தூளுக்கு இடமில்லை.

இயற்கை மருந்து பொய்யா என்று கேட்கிறீர்கள். செடியில் பிறந்ததா, ஆலையில் பிறந்ததா என்று பார்த்து நல்லது கெட்டதைப் பிரிப்பதை நான் நிறுத்தி வெகுகாலம் ஆகிறது. எங்கே, எப்போது, எவ்வளவு என்றுதான் கேட்கிறேன். பைரெத்ரம் என்ற சாமந்தி வகையின் பூவிலிருந்து எடுக்கும் பைரெத்ரின் வெயிலில் சீக்கிரம் சிதைந்துவிடும், ஆனால் நேரடியாகப் பட்டால் தேனீ சாகும். அதன் சாயலில் வெயில் தாங்கும் செயற்கை மருந்துகளை 1970-களில் செய்தார்கள். அதிக நாள் பூச்சியைக் கொல்லும் என்பது அங்கே லாபமாகத் தெரிந்தது.

நிக்கோட்டின் தாக்கும் அதே இடத்தைத் தாக்கும்படி ஆலையில் செய்த பூச்சிமருந்துகள்தான் நியோநிகோடினாய்டுகள். அவற்றில் ஒன்றான இமிடாகுளோப்ரிட் 1991-இல் சந்தைக்கு வந்தது. விதைநேர்த்தியாக, அதாவது விதையின் மேலேயே பூசிக் கொடுத்தால், மருந்து வளரும் செடி முழுக்கப் பரவி, மகரந்தத்துக்கும் பூந்தேனுக்கும் வந்துவிடும். புகையிலை கவனமாகக் குறைத்து வைத்த இடத்தில் மனிதன் கொண்டுபோய் வைத்தான். அதன் சுவையைத் தேனீயால் உணர முடியவில்லை. சோதனையில், இந்த வகை மருந்துகளில் இரண்டைக் கலந்த சர்க்கரை நீரைத்தான் தேனீக்கள் அதிகம் குடித்தன என்று 2015-இல் தெரியவந்தபோது எனக்கு வயிறு கலங்கியது. 2018-இல் ஐரோப்பிய ஒன்றியம் இந்த வகையில் மூன்றை வெளி வயல்களில் பயன்படுத்தத் தடை விதித்தது.

செடியின் ரசாயனத்தைப் பிழிந்து எடுக்காமல், செடியையே வேலை செய்ய விடலாம். கிழக்கு ஆப்பிரிக்காவில் மக்காச்சோளத்துக்கு நடுவே டெஸ்மோடியம் என்ற பயறு வகைச் செடியை வளர்க்கிறார்கள். அதன் வாசனை தண்டுத்துளைப்பான் அந்துப்பூச்சியை விரட்டுகிறது. வயலைச் சுற்றி நட்ட நேப்பியர் புல் அதை இழுத்துக்கொள்கிறது. டெஸ்மோடியத்தின் வேர் ஸ்ட்ரைகா என்ற ஒட்டுண்ணிக் களையையும் அடக்குகிறது. புழு கடித்த மக்காச்சோளமே ஒரு வாசனையை விட்டு, புழுவுக்குள் முட்டையிடும் குளவியைக் கூப்பிடும் என்பதும் 1990 முதல் தெரிந்த செய்திதான். வருத்தம் என்னவென்றால், வேர்ப்புழு கடித்தால், அதைக் கொல்லும் நூற்புழுக்களை மண்ணிலிருந்து துணைக்கு அழைக்கும் வாசனைக் குரலை வட அமெரிக்க மக்காச்சோள ரகங்கள் பெரும்பாலும் இழந்துவிட்டன. செடியின் குரலை யாரும் கேட்காததால், அது போனதும் தெரியவில்லை.

இப்போது உங்கள் வண்டு. பூசணிக் குடும்பத்துக்கு குகுர்பிட்டாசின் என்ற கசப்பு உண்டு. அது பல உயிர்களை விலக்கிவைக்கும், சிவப்பு வண்டுக்கோ பசியைத் தூண்டும். அதனால் கசப்பை நம்பி வண்டை விரட்ட முடியாது. ஆனால் வண்டு பெரிய சேதம் செய்வது நாற்றுப் பருவத்தில். விதை முளைத்த நாளிலிருந்து கொடி ஓடும் வரை மெல்லிய வலையால் மூடிவையுங்கள். பூ வந்ததும் வலையை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் தேனீ நுழையாது. வளர்ந்த கொடி சில ஓட்டை இலைகளைத் தாங்கிக்கொள்ளும். அதிகாலையில் வண்டு மந்தமாக இருக்கும்போது கையால் பொறுக்கி சோப்பு நீரில் போடலாம்.

வேம்பைப் பயன்படுத்துவதானாலும் கவனம் வேண்டும். அதிலுள்ள அசாடிராக்டின் என்ற பொருள் பூச்சியைத் தின்னவிடாது, தோலுரிக்கவும் விடாது. உடனே கொல்லாது, அதனால் பொறுமை வேண்டும். பூ மூடிய பிறகு, மாலையில், இலைக்கு மட்டும் தெளியுங்கள். மறுநாள் விரியப்போகும் மொட்டுகள் மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பருவத்திலேயே இன்னும் பெண் பூக்கள் வரும். தேனீக்கள் திரும்பி வரும் வரை, காலையில் ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கி, பெண் பூவின் நடுவில் நீங்களே மகரந்தத்தைத் தடவிவிடுங்கள். பிஞ்சு நின்றால் எழுதுங்கள்.